ஊர் நினைவுக்கல்லில் யார் யார் பெயர் வரவேண்டும்?

பால்மரம்72 (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். காலையில் ஆள் கணக்கெடுத்த பழைய பெரட்டுக் களத்து ஓரமாக நிற்கிற கல் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். இடுப்பு உயரம்தான். சுற்றி நாலு கம்பி, ஒரு சங்கிலி. சின்ன வயதில் அந்தச் சங்கிலியில் உட்கார்ந்து ஆடி அடி வாங்காத பிள்ளை நம் தோட்டத்தில் கிடையாது. 'கடமையில் உயிர் நீத்தோர்' என்று மலாயிலும் தமிழிலும் எழுதி, கீழே ஏழு பெயர். ஏழு பேருமே மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசர காலத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகவோ (எஸ்.சி.) ஊர்க்காவல் படையிலோ இருந்தவர்கள்.

தோட்டம் கைமாறிவிட்டது உங்களுக்குத் தெரியும். கித்தா (ரப்பர்) மரம் போய்ச் செம்பனை வந்தது. இப்போது செம்பனையும் போய்த் தாமான் (வீடமைப்பு) வரப்போகிறது. கல்லைக் கோயில் திடலுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். தாமதித்தால் மண்வாரி வந்துவிடும். ஆலயக் குழுவில் பேசி, மாற்றுகிற கையோடு கல்லையும் புதிதாகச் செய்வது என்று முடிவெடுத்தோம். அங்கேதான் பிரச்சினை தொடங்கியது. ஜப்பான்காரன் காலத்தில் ரயில் பாதை போடச் சயாமுக்கு (தாய்லாந்துக்கு)ப் போனவர்கள் பெயரையும் சேர்க்கவேண்டும் என்று ஒருவர் சொன்னார். அப்படியானால் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துக்குப் போனவர்களை ஏன் விடவேண்டும் என்று இன்னொருவர். இது போர் நினைவுக்கல்லா, ஊர்க்கணக்குப் புத்தகமா என்று மூன்றாமவர் எழுந்து போய்விட்டார்.

ஊரை விட்டுப் போனவர்களுக்கும் இதில் உரிமை உண்டு. மனதில் பட்டதைச் சொல்லுங்கள். ஒரு வேண்டுகோள்: குடும்பத்தார் பெயரை இங்கே பொதுவில் எழுதாமல் எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள்.

---

லயத்துவீடு

அண்ணா, என்னைக் கேட்டால் முதலில் வரவேண்டியது சயாம்தான். எங்கள் தாத்தாவின் அண்ணன் போனவர். திரும்பவில்லை. பாட்டி சாகும்வரை அவருக்கு ஒரு திதி வைக்க முடியவில்லை. செத்தது எந்த மாதம் என்றுகூடத் தெரியாது. ஆடி அமாவாசையில் பொதுவாக ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் விட்டதோடு சரி.

இளைய பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். சயாமில் பான் போங்கிலிருந்து பர்மாவில் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை. காடு, மலை, ஆறு. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபர் 17-இல் இரண்டு முனையையும் சேர்த்துவிட்டார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனார்கள். அதில் பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு இலவசம் என்று சொல்லித்தான் முதலில் ஆள் சேர்த்தார்கள். மூன்று மாதம் போய் ஒருவரும் திரும்பவில்லை என்றதும் ஊர் உஷாரானது. அப்புறம்தான் பிடித்துக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஆண்பிள்ளைகள் ராத்திரி வீட்டில் படுக்கமாட்டார்களாம். மரவள்ளிக் காட்டுக்குள் போய்ப் படுப்பார்களாம்.

கூட்ஸ் வண்டியில் நிற்க இடமில்லாமல் அடைத்து, இறங்கிய இடத்திலிருந்து நாள்கணக்கில் நடக்கவிட்டு, 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கொத்துக்கொத்தாகச் சாகவிட்டார்கள். வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்கும் அதே கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களோடு சொந்த அதிகாரிகள் இருந்தார்கள், சொந்த டாக்டர்கள் இருந்தார்கள். செத்தவன் பெயரை எழுதிவைக்க ஆள் இருந்தது. காஞ்சனாபுரி போர்க் கல்லறைக்குப் போனால் கிட்டத்தட்ட 7,000 கல், ஒவ்வொன்றும் துடைத்துவைத்த மாதிரி. நம் ஆட்களுக்கு எழுதிவைக்க யார் இருந்தார்கள்? காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் கணக்கிலேயே அங்கே செத்த கைதிகள் சுமார் 13,000 பேர், நம்மைப் போன்ற தொழிலாளர்கள் 80,000-லிருந்து ஒரு லட்சம். அந்த ஒரு லட்சத்தில் எத்தனை பேருக்குப் பெயர் தெரியும்?

நம் ஊர்க் கல்லில் ஒரு பத்துப் பெயராவது வரட்டும்.

---

காக்கிச்சட்டை

அந்த ஏழு பெயரில் ஒன்று என் பெரியப்பாவுடையது. அப்பாவும் எஸ்.சி.யாக இருந்தவர்தான், ஆனால் உயிரோடு வந்துவிட்டார். அதனால் இதை நான் சும்மா வாதத்துக்காகச் சொல்லவில்லை.

சயாமுக்குப் போனவர்களின் துன்பத்தை யாரும் குறைத்துப் பேசமுடியாது. ஆனால் அவர்கள் பிடிக்கப்பட்டவர்கள். என் பெரியப்பா தானாகப் போய்ப் பெயர் கொடுத்தவர். 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் கம்யூனிஸ்டுகள் மூன்று தோட்டத் துரைமார்களைச் சுட்டார்கள், அவசர காலம் வந்தது. அது 1960 ஜூலை 31 வரைக்கும் நீடித்தது. பன்னிரண்டு வருடம்! லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். அரிசி பங்கீட்டில்தான். சமைத்த சோறுகூட வேலிக்கு வெளியே போகக்கூடாது. பால் வெட்டுக்குப் போகிறவர்களின் தூக்குச்சட்டியைத் திறந்து பார்ப்பார்கள். 1952 மார்ச்சில் பக்கத்தில் தஞ்சோங் மாலிமில் என்ன நடந்தது? காட்டுக்குள் பன்னிரண்டு பேர் கொல்லப்பட்டதும் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் டெம்ப்ளர் நேரில் வந்து, நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டு, அரிசியையும் குறைத்தார். நடுவில் அகப்பட்டுக்கொண்டவர்கள் சாதாரண சனங்கள்.

அந்த நேரத்தில் ஒரு பழைய துப்பாக்கியும் கொஞ்சம் தோட்டாவும் வைத்துக்கொண்டு ராத்திரி வேலிக்குக் காவல் நின்றார்கள். ஊரே தூங்கட்டும் என்று விழித்திருந்தவர்கள். அப்பா தன் கடைசிக் காலம் வரைக்கும் நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

அந்த ஏழு பேருக்கென்று இருப்பது அந்த ஒரு கல்தான். அதில் எல்லோரையும் ஏற்றினால் அவர்கள் கூட்டத்தில் கலந்துவிடுவார்கள். சயாமுக்குத் தனியாக ஒரு கல் வையுங்கள். முதல் ஆளாக நானே பணம் தருகிறேன்.

---

சிலிம்_ஆறு

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களை யாரும் சொல்லவில்லை. 1942 ஜனவரி 7, விடிவதற்கு முன்னால், நல்ல நிலா வெளிச்சத்தில், துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் வரை சாலையில் முப்பது டாங்கி அளவில் ஜப்பான் படை பாய்ந்துவந்தது. சில மணி நேரத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் இரண்டு பிரிகேட் சிதறிப்போயின. பஞ்சாபிகள், ஹைதராபாத் ரெஜிமெண்டார், கூர்க்காக்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள். நாலே நாளில், ஜனவரி 11-இல், கோலாலம்பூர் விழுந்தது. நாம் தினமும் மோட்டார்சைக்கிளில் போகிற சாலையில்தான் இது நடந்தது.

அந்த ராத்திரி இரும்புச் சங்கிலியை இழுத்துக்கொண்டு பெரிய யானைக்கூட்டம் போகிற மாதிரிச் சத்தம் கேட்டது என்று எங்கள் ஆயா சொல்லுவார். காலையில் கித்தாக் காட்டுக்குள் தலைப்பாகை கட்டிய சிப்பாய்கள் தண்ணீர் கேட்டு வந்திருக்கிறார்கள். பேச பாஷை புரியவில்லை. கையைக் குவித்துக் காட்டினார்களாம்.

அவர்கள் நம் ஊர்க்காரர்கள் இல்லை, பெயர் சேர்க்கச் சொல்லவில்லை. பீடத்தில் ஒரு வரி போதும். தைப்பிங் போர்க் கல்லறைக்கு ஒரு முறை போய்வாருங்கள். சாலைக்கு இரண்டு பக்கமும் கல்லறை. ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் மற்றவர்கள். சிங்கப்பூர் கிராஞ்சியில் உடல் கிடைக்காதவர்களின் பெயர் மட்டும் 24,000-க்கு மேல். லயத்துவீடு சொன்ன போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பக்கத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் பல இந்தியச் சிப்பாய்களுக்கு அப்பா பெயர், சொந்தக் கிராமத்தின் பெயர் வரைக்கும் வருகிறது. சிப்பாய்க்குப் பதிவு இருக்கிறது. கூலிக்கு இல்லை. லயத்துவீடு சொல்வதன் நியாயம் எனக்கு அங்கேதான் புரிந்தது.

---

ராணிப்படை_பேத்தி

என் அம்மாவின் பெரியம்மா நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படைக்குப் போனவர். பதினேழு வயது. பால் வாளி தூக்கிய கை. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்ததும் மலாயா முழுக்கக் கூட்டம் நடந்தது. கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்த தோட்டத்துப் பெண்களைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருப்பீர்கள். பெரியம்மாவிடம் கழற்றிக் கொடுக்க ஒன்றும் இல்லை, அதனால் தானே போய்விட்டாராம். கேப்டன் லட்சுமி தலைமையில் பயிற்சி. நம் கோலாலம்பூர் ஜானகி தேவரும் அந்தப் படையில்தான் பெரிய பொறுப்பில் இருந்தார். பிறகு பர்மா. 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது குண்டுவீச்சுக்கு நடுவே பாங்காக் வரை நடையும் லாரியுமாக வந்தார்கள்.

திரும்பி வந்த பெரியம்மாவுக்கு என்ன கிடைத்தது? பழைய கிராணி (தோட்டத்துக் கணக்கர்) மறுபடியும் செக்ரோலில் (ஆள் பதிவேட்டில்) பெயர் எழுதினார். மறுநாள் விடியற்காலை பெரட்டு. அவ்வளவுதான். தான் சிப்பாயாக இருந்ததை மருமகள்களிடம்கூடச் சொன்னதில்லை. அவர் இறந்த பிறகு பெட்டியில் தொப்பி மட்டும் கிடைத்தது.

சிங்கப்பூர் எஸ்பிளனேடில் இந்திய தேசிய ராணுவத்துக்கு ஒரு நினைவுச்சின்னம் இருந்தது தெரியுமா? 1945 ஜூலை 8-இல் நேதாஜி அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் பிரிட்டிஷ்காரர்கள் திரும்பி வந்ததும் இடித்துவிட்டார்கள். ஐம்பது வருடம் கழித்து 1995-இல்தான் அந்த இடத்தில் ஓர் அடையாளப் பலகை வைத்தார்கள். ஒரு கல்லில் யார் பெயர் இருக்கலாம் என்பதை அன்றைக்கு ஆள்கிறவன் முடிவு செய்தான். இன்றைக்கு நம் கல்லை நாமே செய்கிறோம். நாமும் அவனைப் போலவே செய்யவேண்டுமா?

---

காக்கிச்சட்டை

> நாமும் அவனைப் போலவே செய்யவேண்டுமா?

அம்மா, இது என்னைச் சுட்டுவிட்டது. நான் யாரையும் இடிக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். சிலிம்_ஆறு சொன்ன இந்தியச் சிப்பாய்கள் ஒரு பக்கம். இந்திய தேசிய ராணுவம் ஜப்பானோடு சேர்ந்து இம்பாலில் அதே இந்தியச் சிப்பாய்களை எதிர்த்து நின்றது. அதே ஜப்பான்தான் நம் ஆட்களைச் சயாமுக்கு இழுத்துப் போனது. மூன்றையும் ஒரே கல்லில் எழுதினால் பள்ளிக்கூடப் பிள்ளை வந்து 'தாத்தா, இவர்கள் யாரோடு சண்டை போட்டார்கள்?' என்று கேட்பான். என்ன சொல்வேன்?

---

லயத்துவீடு

நடந்ததை அப்படியே சொல்லவேண்டியதுதான் அண்ணா. எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. மூத்தவர் சயாமுக்குப் போனார். அதைப் பார்த்துப் பயந்து அடுத்தவர் நேதாஜி படையில் சேர்ந்தார். அதில் சேர்ந்தால் சயாமுக்குப் பிடிக்கமாட்டார்கள் என்று அப்போது பல இளைஞர்கள் சேர்ந்திருக்கிறார்கள். நாட்டுப்பற்றும் இருந்தது, பயமும் இருந்தது. மூன்றாமவர், என் தாத்தா, 1950-இல் ஊர்க்காவல் படை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். லயத்தில் ஒரே கதவு. மூன்று பேருக்கும் மூன்று கல் வைத்தால் எங்கள் பாட்டி எந்தக் கல்லுக்குப் பூ வைப்பார்?

---

செம்மண்

நான் கல்வேலை செய்கிறவன். கருங்கல்லே போடுங்கள், டெராசோ வேண்டாம், பத்து வருடத்தில் எழுத்து மழுங்கிவிடும். எழுத்தை வெட்டி இறக்கவேண்டும், மேலே பெயின்ட் மட்டும் அடித்தால் நம் ஊர் மழைக்கு நிற்காது. கீழே பாதிக் கல்லைக் காலியாக விடுங்கள். பெயர் பிறகு வந்துகொண்டேதான் இருக்கும், அனுபவத்தில் சொல்கிறேன். பழைய கல்லை உடைக்காதீர்கள். அதைப் புதுக்கல்லின் நெஞ்சில் அப்படியே பதிக்கலாம். எழுத்து வெட்டுகிற கூலி எனக்கு வேண்டாம்.

---

பழைய_டீச்சர்

செம்மண் தம்பி சொன்னதில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். பழைய கல் உடையாமல் நடுவில் இருந்தால் அந்த ஏழு பேர் கூட்டத்தில் கலக்கமாட்டார்கள்.

சொல்லைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 'வீரக்கல்' என்று எழுதலாம் என்று குழுவில் சிலர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நடுகல் என்பது நமக்குப் பழைய வழக்கம். கல்லைத் தேர்ந்து, நீரில் ஆட்டி, நட்டு, படையல் போட்டு வாழ்த்துவது வரைக்கும் தொல்காப்பியத்தில் ஆறு படி சொல்லியிருக்கிறது. அந்தக் கல் அரசனுக்காகப் போரில் செத்தவனுக்கு மட்டும் இல்லை. ஊர் மாட்டை மீட்கப்போய் அம்பு பட்டுச் செத்தவனுக்கும் நட்டார்கள். வழிப்போக்கர் பார்க்கும்படி பாதையோரத்தில் நட்டு, பெயரையும் அவன் செய்ததையும் எழுதினார்கள். பெயர் மட்டும் போதாது, என்ன நடந்தது என்றும் வேண்டும். அதனால் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சொல் போடுங்கள்: 'சயாம், திரும்பவில்லை'. 'ராணிப்படை, திரும்பினார்'. 'காவல், 1951'. அந்தப் பிள்ளை கேட்கிற கேள்விக்குக் கல்லே பதில் சொல்லும்.

சயாமில் மாண்டவர்களுக்காக 2023-இல் மலேசியத் தமிழர்கள் முயன்று காஞ்சனாபுரியில் வாட் தாவோர்ன் வராராம் என்ற புத்த கோயிலில் வைத்ததற்கும் நடுகல் என்றுதான் பெயர். ஈப்போ ரயில் நிலையத்துக்கு எதிரே முதல் உலகப் போருக்காகக் கட்டிய நினைவுத்தூணிலும் சயாம் பாதையில் மாண்டவர்களுக்குப் பின்னால் ஒரு பலகை சேர்த்தார்கள். ஒரு போருக்கு நட்ட கல்லில் இன்னொரு போரின் ஆட்களைச் சேர்ப்பது தவறு என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. நமக்கு 'நினைவுக்கல்' என்ற சொல் போதும். பிடித்துக்கொண்டு போனவரை வீரர் என்று சொன்னால் அவருக்கு நடந்த அநியாயம் மறைந்துபோகும். அவரைக் கூலி என்று மட்டும் சொன்னால் அவர் மனிதர் என்பதே மறைந்துபோகும்.

இன்னொன்று. செக்ரோலில் பெயர் எழுதியது ஆங்கிலத்தில், காதில் விழுந்தபடி. முனியாண்டி 'மோனியண்டி' ஆகியிருப்பார். அதைப் பார்த்து அப்படியே வெட்டிவிடாதீர்கள். குடும்பத்தில் எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படி எழுதுங்கள். பட்டப்பெயர் மட்டும் தெரிந்தால் அதையே எழுதுங்கள். அந்த ஆளைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்த பெயர் அதுதான்.

---

சிலிம்_ஆறு

பெயர் தேடுகிறவர்களுக்கு: தோட்ட ஆபீஸ் கணக்கு கிடைக்காவிட்டாலும் தமிழ்ப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள். அப்பா பெயருக்கு நேரே அம்மா கைநாட்டு மட்டும் இருக்கிற பிள்ளைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 1945, 46-இல் அப்படி நிறைய இருக்கும். கோயில் உபயக் கணக்கும் உதவும். 1941 திருவிழாவில் வரி கொடுத்த தலைக்கட்டு 1946-இல் இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேட்கவேண்டும்.

---

பால்மரம்72

நேற்று ராத்திரி குழுவில் இந்த இழையை அப்படியே வாசித்துக் காட்டினேன். எழுந்து போனவரும் வந்திருந்தார், முழுக்கக் கேட்டார். முடிவு இதுதான். கருங்கல். நடுவில் பழைய கல் அப்படியே. மேலே 'நினைவுக்கல்' என்ற ஒரே சொல். பெயருக்குப் பக்கத்தில் டீச்சர் சொன்ன மாதிரி ஒரு குறிப்பு. பீடத்தில் 1942 ஜனவரி 7-க்கு ஒரு வரி. பாதிக் கல் காலி.

திறப்பது ஜூலை 31 என்று சொன்னார்கள், மலேசியாவின் வீரர் தினம் அன்றுதானே. ஆடி அமாவாசையில் திறக்கலாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். இன்னும் முடிவாகவில்லை.

காக்கிச்சட்டை அண்ணா, உங்கள் சம்மதம் இல்லாமல் பழைய கல்லைத் தொடமாட்டோம்.

---

காக்கிச்சட்டை

ஆடி அமாவாசையே வையுங்கள். பெரியப்பாவுக்கும் அன்றைக்குத்தான் தண்ணீர் விடுகிறோம். கல்லைத் தூக்குகிற அன்று சொல்லுங்கள், நானும் என் மகனும் வந்து ஒரு பக்கம் பிடிக்கிறோம்.

---

ஆறாம்_கதவு (புதிய உறுப்பினர்)

வணக்கம். இதை எழுதத்தான் இன்றைக்குப் பதிந்தேன். அம்மாவுக்குத் தொண்ணூறு வயது. ஜப்பான்காரன் காலத்தில் பத்து வயதுகூட ஆகவில்லை. நேற்று என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இந்த இழையை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு மேட்டு லயத்தைக் கதவு கதவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

முதல் கதவு, அண்ணன் தம்பி இரண்டு பேர், சயாம், இரண்டு பேரும் வரவில்லை. இரண்டாம் கதவு, புருஷன் போனார், பெண்சாதி ஆயாக்கொட்டகையில் (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்தில்) வேலை பார்த்தார், வாசலில் ராத்திரி விளக்கை அணைக்கவே மாட்டார். மூன்றாம் கதவு, யாரும் போகவில்லை, அப்பாவுக்குக் கால் ஊனம். நான்காம் கதவு, புருஷன் பெண்சாதி கைப்பிள்ளை மூன்று பேரும் போனார்கள், பெண்சாதி மட்டும் 1946-இல் வந்தார், யாரோடும் பேசமாட்டார். ஐந்தாம் கதவு, ஒரு பெரிய பையன், அவன் பெயர் தெரியாது, புல்லாங்குழல் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறாம் கதவு நாங்கள். தாத்தா.

பெயர்களைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். ஆறாம் கதவுக்கு வந்ததும் அம்மா நிறுத்திவிட்டார், களைப்பு. மேட்டு லயத்தில் மொத்தம் இருபது கதவாம். நாளைக் காலையில் பசியாறிய பிறகு ஏழிலிருந்து சொல்கிறேன் என்றிருக்கிறார்.